ரோடு ரன்னரைப் பழக்கிய குளிர்காலம்

335 குதிரைத்திறன் உள்ள காரில் யாராவது பிள்ளைக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பார்களா என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. நியாயமான கேள்வி. எங்களிடம் இருப்பது 1969 மாடல் பிளிமத் ரோடு ரன்னர். 383 கன அங்குல வி-8 எஞ்சின், அதாவது ஏறத்தாழ 6.3 லிட்டர். நான்கு கியர், எல்லாம் கையால் மாற்ற வேண்டியவை. பவர் ஸ்டீயரிங் கிடையாது, பவர் பிரேக் கிடையாது, காற்றுப்பை என்ற பேச்சே கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வந்த அதே நிலையில் இதில் பதினைந்து வயதுப் பெண்ணை உட்கார வைக்கக் கூடாது என்பதுதான் என் கருத்தும். அதனால் பாடம் தொடங்குவதற்கு முன் ஒரு குளிர்காலம் முழுவதும் காரை அவளுக்கு ஏற்றபடி மாற்றினேன். பாதி வேலையில் அவளும் கூட இருந்தாள். இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்த வேலையைப் பற்றியது. ஓட்டிய கதை அதற்குப் பிறகு.

வீடு டெட்ராய்ட்டுக்கு வடக்கே, ட்ராய் நகரில். கார் நிறுவனங்களை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய. நானும் அப்படி வந்தவன்தான். பிளிமத் இந்த மாடலை 1968இல் கொண்டுவந்தபோது ஆரம்ப விலை 2,896 டாலர். மூவாயிரத்துக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக உள்ளே எல்லாவற்றையும் குறைத்தார்கள்: நீளமான ஒற்றை இருக்கை, அலங்காரமில்லாத கதவுகள். மிச்சம் பிடித்த பணம் முழுவதும் எஞ்சினுக்கும் சஸ்பென்ஷனுக்கும் போயிற்று. கார்ட்டூன் பறவையின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். ஹார்னும் அந்தப் பறவையைப் போலவே ‘பீப் பீப்’ என்றுதான் ஒலிக்கும். என் மகன் காரின் மீது காதல் கொண்டது அந்த ஊதா நிற ஹார்னால்தான், எஞ்சினால் அல்ல.

முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள எண் தகட்டில் ஆறாவது இடத்தில் மாடல் ஆண்டைக் குறிக்கும் 9, அதை ஒட்டி ‘ஏ’ என்ற எழுத்து. டெட்ராய்ட்டின் லிஞ்ச் ரோடு ஆலையில் கட்டப்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த ஆலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். நான் பிரேக்கை மாற்றப் போகிறேன் என்றதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. பழைய கார்ப் பிரியர்களில் பாதிப் பேர் அப்படித்தான். போல்ட்டின் தலையில் உள்ள குறிகூட மாறக் கூடாது. காட்சிக்கு நிற்கும் காருக்கு அது சரி. பிள்ளை ஓட்டப் போகும் காருக்கு அது பொருந்தாது. கழற்றிய பாகங்கள் அனைத்தையும் பெயர் எழுதிப் பைகளில் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு யாருக்காவது ஆசை இருந்தால் திரும்ப மாட்டிக்கொள்ளட்டும்.

கிளட்ச்

முதலில் தொட்டது கிளட்ச்தான். எஞ்சினை அணைத்துவிட்டு மகளை உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன். ஒரு காலால் பாதி வரைதான் போயிற்று. அடுத்த முறை ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இருக்கையில் முதுகை அழுத்தி மிதித்தாள். இப்படி மிதிப்பவரால் மெதுவாக விட முடியாது. மெதுவாக விட முடியாதவர் கிளட்ச் பழக முடியாது.

பழைய பிரஷர் பிளேட் (கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிப்பது) மூன்று விரல்களும் பல சுருள் ஸ்பிரிங்குகளும் கொண்ட வகை. அதற்குப் பதிலாக, வட்டத் தகடு ஒன்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும் டயாஃப்ரம் வகையைப் போட முடிவு செய்தேன். பிடிப்பு குறையாது, பெடல் எடை நன்றாகக் குறையும். வேலை என்னவோ ஒன்றுதான், ஆனால் அதற்காகக் காரின் பாதி அடிவயிற்றை இறக்க வேண்டும். நான்கு ஜாக் ஸ்டாண்டின் மேல் காரை ஏற்றி, பின்னால் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, கியர் கம்பிகள், வேகமானிக் கேபிள், ரிவர்ஸ் விளக்கு வயர் எல்லாவற்றையும் பிரித்து, குறுக்குத் தாங்கியை எடுத்த பிறகே கியர்பாக்ஸ் நகரும். பிளிமத்தின் தாய் நிறுவனமான கிறைஸ்லரின் ஏ-833 வார்ப்பிரும்புப் பெட்டி. மார்பின் மேல் வைத்து இறக்கலாம் என்று வீரம் பேசுகிறவர்கள் உண்டு. கியர்பாக்ஸ் ஜாக்கை வாடகைக்கு எடுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யும் வேலையில் வீரத்துக்கு இடமில்லை.

எஞ்சினோடு சுழலும் கனமான ஃபிளைவீலில் அங்கங்கே நீலம் பூத்திருந்தது, சூடேறிய அடையாளம். லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமன் செய்து வாங்கினோம். கிளட்ச் தட்டு வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 383 எஞ்சினோடு வந்த கியர்பாக்ஸின் உள்தண்டில் 23 பற்கள். அதே நிறுவனத்தின் இன்னும் பெரிய 440, ஹெமி எஞ்சின்களோடு வந்ததில் 18. தட்டு வரும் அட்டைப்பெட்டியின் மேல் ரோடு ரன்னர் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கினால் தட்டு உள்ளே ஏறாது.

தட்டை மையத்தில் நிறுத்தும் பிளாஸ்டிக் தண்டை மகள் பிடித்துக்கொண்டாள். போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கிக்கொண்டே போனால் மூடி கோணிக்கொள்ளும். பெடலை மிதித்தால் எது எதை அழுத்துகிறது, எங்கே பிடி விடுகிறது என்று அவள் அன்று கண்ணால் பார்த்தாள். பிறகு காரில் உட்கார்ந்து நான் விளக்க வேண்டியது ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை.

டயாஃப்ரம் போடுகிறவர்கள் பலர் சறுக்கும் இடம் பெடலின் மேல்முனையில் இருக்கும் பெரிய உதவி ஸ்பிரிங். பழைய கனமான கிளட்ச்சுக்குத் துணையாக வைத்தது அது. பெடல் பாதியைத் தாண்டியதும் அது காலோடு சேர்ந்து கீழ்நோக்கி இழுக்கும். டயாஃப்ரத்தின் எதிர்விசை குறைவு என்பதால், ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு மேலே வராமல் போகலாம். கழற்றிவிட வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பெடலை மேலே கட்டிவைத்து, தடித்த துணியைச் சுற்றிய பிறகே நெம்பினேன். அந்த நேரம் பிள்ளைகள் இருவரும் வீட்டுக்குள் இருந்தார்கள்.

பெடலையும் கிளட்ச் ஃபோர்க்கையும் இணைக்கும் குறுக்குத் தண்டின் நைலான் புஷ்கள் நொறுங்கிப்போயிருந்தன. சில டாலர் சாமான். இதைப் புதிதாகப் போடாமல் வேறு என்ன செய்தாலும் பெடல் ஆடும். கடைசியில் பெடலின் மேலே ஏறக்குறைய ஓர் அங்குலம் சும்மா ஆடும்படி கம்பியைச் சரிசெய்தேன்.

தானாகப் பாயாத கார்

1969இல் இந்தக் காரைக் கியரில் வைத்தபடியே சாவியைத் திருப்பலாம். கிளட்ச்சை மிதிக்காவிட்டாலும் ஸ்டார்ட்டர் சுற்றும், கார் முன்னால் குதிக்கும். கராஜ் சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் யாராவது நின்றால் என்ன ஆகும் என்று யோசித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தீர்வு எளிது. கிறைஸ்லர் கார்களின் ஸ்டார்ட்டர் ரிலேயில் தரை இணைப்புக்கு (எர்த்) ஒரு முனை உண்டு. ஆட்டோமேட்டிக் கார்களில் அந்த வயர் கியர்பாக்ஸில் உள்ள சுவிட்ச் வழியாகப் போகும். நியூட்ரலிலோ பார்க்கிலோ இருந்தால்தான் தரை கிடைக்கும். மேனுவல் கார்களில் அதை நேராகவே தரையில் சேர்த்துவிட்டார்கள். அந்த இணைப்பை வெட்டி, கிளட்ச் பெடல் முழுதாக இறங்கினால் மட்டும் மூடிக்கொள்ளும் சுவிட்ச் ஒன்றை நடுவில் வைத்தேன். பெடல் தாங்கியில் ஒரு சிறிய எல் வடிவத் தகடு, இரண்டு வயர். கார் மாற்றங்களில் செலவுக்கு இவ்வளவு பலன் தந்தது வேறு இல்லை.

அடுத்தது கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது. கார்ட்டர் நிறுவனத்தின் ஏவிஎஸ் வகை, நான்கு வாய். மெதுவாக ஓட்டும்போது முன் இரண்டு வாய்கள் மட்டும் வேலை செய்யும். பெடலை ஆழமாக மிதித்தால் பின் இரண்டும் திறந்துகொள்ளும். பின்வாய்களைத் திறக்கும் இணைப்புக் கம்பியை எடுத்துவிட்டு, அவை மூடியே இருக்கும்படி கட்டினேன். ஆக்சிலரேட்டர் பெடலுக்குக் கீழே தரையில் ஒரு போல்ட்டையும் நிறுத்தினேன்; அதன் உயரத்தைக் கூட்டிக் குறைத்தால் பெடல் எவ்வளவு இறங்கலாம் என்பது மாறும். இரண்டும் சேர்ந்தபோது கார் சாதுவாகிவிட்டது. வேகமாகப் போக முடியும், ஆனால் எதிர்பாராமல் பாயாது. கற்பவரைப் பயமுறுத்துவது வேகம் அல்ல, எதிர்பாராத பாய்ச்சல்தான்.

நிற்க வேண்டிய கார்

தொழிற்சாலை கொடுத்தது நான்கு சக்கரத்துக்கும் 11 அங்குல டிரம் பிரேக். டிஸ்க் கேட்டால் கூடுதல் பணம், வாங்கியவர் கேட்கவில்லை. டிரம் நன்றாகச் சரிசெய்யப்பட்டிருந்தால் ஒருமுறை கச்சிதமாக நிற்கும். திரும்பத் திரும்ப நிறுத்தினால் சூடேறிப் பிடிப்பு குறையும். மழையில் ஒரு பக்கம் நனைந்தால் அந்தப் பக்கம் ஒன்றாகவும் மறுபக்கம் வேறாகவும் பிடித்து, கார் கோணலாக இழுக்கும். அனுபவசாலி அதைக் கையால் சமாளித்துவிடுவார். புதிதாகக் கற்பவருக்கு அந்த ஒரு நொடி போதாது.

முன்பக்கம் டிஸ்க்காக மாற்றினேன். கிட்டாகவே கிடைக்கிறது. சக்கரத்தைவிட முக்கியம், மிதியைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கான மாஸ்டரில் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். டிரம்முக்கு அது தேவை, டிஸ்க்குக்கு ஆகாது, பேட் எப்போதும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். எனவே டிஸ்க்/டிரம் மாஸ்டரும், பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் சேர்த்துப் போட வேண்டும். இல்லையென்றால் அவசர பிரேக்கில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வால்பகுதி வீசும். 1967 முதலே இந்தக் கார்களில் முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்று என்பது ஓர் ஆறுதல். குழாய்களில் காற்றை எடுக்கும் வேலையில் மகன் பெடலை மிதித்தான், நான் அடியில் படுத்துக்கொண்டு ‘மிதி’, ‘பிடி’, ‘விடு’ என்று கத்தினேன். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அப்பாவைக் கீழே படுக்க வைத்துவிட்டு மேலே உட்கார்வதில் இருக்கும் ஆனந்தம் தனி.

எஞ்சின் ஓடும்போது பிரேக்கை லேசாக்கும் பவர் பூஸ்டரை வேண்டுமென்றே வைக்கவில்லை. காரணம் சாவித்துளை. 1969 பிளிமத்தில் சாவி ஸ்டீயரிங் தூணில் இல்லை; டேஷ்போர்டில், ஸ்டீயரிங்குக்கு வலப்புறம் இருக்கிறது. தூணோடு ஸ்டீயரிங்கைப் பூட்டும் ஏற்பாடு கிறைஸ்லர் கார்களில் 1970 மாடலில்தான் வந்தது. எனவே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் இடது கையை நீட்டிச் சாவியை அணைத்தால் எஞ்சின் மட்டும்தான் அடங்கும். ஸ்டீயரிங் பூட்டாது. பூஸ்டர் இல்லாததால் பிரேக்கின் எடையும் மாறாது. தமிழ்நாட்டுப் பயிற்சிப் பள்ளிக் கார்களில் ஆசிரியர் காலடியில் தனி பெடல் இருக்குமே, அது இங்கே எனக்கு இல்லை. கை பிரேக்கும் எட்டாது. அது இடதுகோடியில் கால் பெடலாக இருக்கிறது. காரை அடக்க ஆசிரியருக்கு இங்கே எட்டுவது சாவி மட்டும்தான். மகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: “நான் சாவியை அணைத்தால் திட்டுகிறேன் என்று நினைக்காதே. நீ பிரேக்கை மட்டும் மிதி, மற்றதைப் பிறகு பேசலாம்.”

இருக்கைப் பட்டைகளையும் மாற்றினேன். 1968 முதல் முன்னிருக்கையில் தோளுக்கு மேலே போகும் பட்டையும் கட்டாயமானது. ஆனால் அந்தக் காலத்தில் அது இடுப்புப் பட்டையோடு சேராத தனித் துண்டு, கூரையோரம் மடித்து மாட்டியிருக்கும், யாரும் எடுத்துப் போட மாட்டார்கள். தொழிற்சாலை வைத்த அதே துளைகளில் இன்றைய மூன்று முனைப் பட்டை பொருந்தும். சுருளும் பெட்டி சாய்ந்து நின்றால் பட்டை பூட்டிக்கொண்டு வெளியே வராது. தாங்கியின் கோணத்தைப் பார்த்துப் பொருத்த வேண்டும். தலைதாங்கி 1969 ஜனவரி முதல் தேதியிலிருந்து தயாரான கார்களுக்குத்தான் கட்டாயம். எங்கள் கார் அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் பிறந்தது. பிந்தைய கார் ஒன்றின் தலைதாங்கியுள்ள முன்னிருக்கை பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. துணி நிறம் வேறு, பரவாயில்லை.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்களில் மின்னோட்டத்தின் பெரும்பகுதி, எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தீச்சுவரின் இணைப்பான் வழியாக, டேஷ்போர்டில் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டருக்குள் போய்த் திரும்பி வரும். ஐம்பது ஆண்டு வயதில் அந்த முனைகள் சூடாகி உருகுவது எல்லோருக்கும் தெரிந்த நோய். அம்மீட்டரின் இரு வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஆல்டர்னேட்டரிலிருந்து ரிலேக்கு உருகும் இணைப்புடன் ஒரு தடித்த வயரை நேராக இழுத்தேன். வோல்ட்மீட்டர் ஒன்று வைத்தேன். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பார்த்தபோது, புதிதுபோல மின்னிய டயர்கள் மகளைவிட மூத்தவை என்று தெரிந்தது, நான்கையும் மாற்றினேன். வலப்பக்கக் கண்ணாடி அப்போது கூடுதல் விலைக்குத் தரப்பட்ட பொருள். ஒன்று வாங்கிப் பொருத்தினேன்.

ஸ்டீயரிங்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பவர் இல்லாத பெட்டியின் விகிதம் 24க்கு 1. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஐந்து சுற்றுக்கு மேல். கிணற்றில் நீர் இறைப்பது போலக் கை மாற்றிக் கை மாற்றிச் சுற்ற வேண்டும். தொழிற்சாலை கொடுத்த சக்கரக் கோணங்கள் பழைய பயாஸ் பிளை (இழைகள் குறுக்காக ஓடும்) டயருக்கானவை. இன்றைய ரேடியல் டயருக்குக் கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) நேர்மறைப் பக்கம் அதிகம் வேண்டும், இல்லையென்றால் நெடுஞ்சாலையில் அலையும். சஸ்பென்ஷனின் மேல்கையில் மையம் விலகிய புஷ் போட்டால் அந்தக் கோணம் கிடைக்கும். ஆனால் கேஸ்டர் கூடக் கூட, நின்ற இடத்தில் திருப்புவது கனமாகும். இரண்டு டிகிரியோடு நிறுத்திக்கொண்டேன். அதோடு ஒரு விதியும் பிறந்தது: சக்கரம் உருளாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பக் கூடாது. டயருக்கும் நல்லது, தோளுக்கும் நல்லது.

காகித வேலை

மிச்சிகனில் 14 வயது 8 மாதம் ஆனால் ஓட்டுநர் கல்வியின் முதல் பகுதியில் சேரலாம். 14 வயது 9 மாதத்தில் முதல் நிலை உரிமம். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து 50 மணி நேரம் ஓட்ட வைக்க வேண்டும், அதில் பத்து மணி நேரம் இரவில். இரண்டாம் நிலை 16 வயதில். ஐம்பது மணி நேரத்தையும் ரோடு ரன்னரில் கழிக்கவில்லை. பனிக்கும் உப்புக்கும் நடுவில் இதை எடுப்பது காரைக் கொல்வதற்குச் சமம். பெரும்பகுதி வீட்டில் உள்ள சாதாரண ஆட்டோமேட்டிக்கில்தான்.

பழைய காருக்கு வரலாற்று வாகனத் தகடு மலிவு. ஆனால் அதோடு கண்காட்சி, ஊர்வலம், சங்க நிகழ்ச்சி ஆகியவற்றுக்குத்தான் ஓட்டலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் விதிவிலக்கு. பயிற்சிக்கு எடுக்க வேண்டுமானால் சாதாரணத் தகடே சரி. காப்பீடும் அப்படித்தான். சேகரிப்புக் கார்களுக்கான மலிவான காப்பீட்டில் இளம் ஓட்டுநரைச் சேர்ப்பது கடினம். முதலில் முகவரை அழைத்துக் கேளுங்கள், பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

ஓட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரிகளின் வாகன நிறுத்துமிடங்கள் காலியாக இருக்கும். அனுமதி கேட்டுக்கொண்டு அங்கே தொடங்கினோம். முதல் சிக்கல் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இருக்கை நீளமான ஒற்றைப் பலகை. மகள் பெடல் எட்டுவதற்காக முன்னால் இழுத்தபோது நானும் சேர்ந்து முன்னால் போய், முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் இடித்தன. இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டு அவள் முதுகுக்குக் கெட்டியான திண்டு கொடுத்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

கிளட்ச் பழக்குவதில் பெரிய எஞ்சின் கொடுத்த உதவியை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் நம்புவதில்லை. சிறிய எஞ்சினில் கிளட்ச்சை விடும்போது ஆக்சிலரேட்டரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு காலும் இரண்டு கணக்குப் போட வேண்டும். 383க்கு அது தேவையில்லை. முதல் கியரில் கிளட்ச்சை மெதுவாக விட்டால், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே எஞ்சின் தன் ஐடில் வேகத்தில் காரை நகர்த்தும். எனவே முதல் பாடத்தில் வலது கால் பிரேக்கின் மேல் மட்டும்தான். இடது கால் ஒன்றையே கவனித்தால் போதும். நகர், நில், நகர், நில். ஆக்சிலரேட்டர் என்று ஒன்று இருப்பதையே அன்று நாங்கள் பேசவில்லை. நான் அம்பாசடரில் கற்றபோது ஒவ்வொரு முறை எஞ்சின் நின்றதும் தலையில் குட்டு வாங்கியவன். இவளுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

கியர் மாற்றத்தில் ஒரே ஆபத்து ரிவர்ஸ். முதல் கியருக்கு இடப்பக்கம், அதே உயரத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்கின் எதிர்ப்பைத் தாண்டித் தள்ளினால்தான் போகும். ஆனால் பதற்றத்தில் கை தள்ளிவிடும். ரிவர்ஸில் விழுந்தால் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். கிளட்ச்சை விடுவதற்கு முன் அந்த விளக்கைப் பார்ப்பது என்று பழக்கிக்கொண்டாள். முன்னால் போகும் நான்கு கியர்களிலும் வேகத்தைச் சமன்படுத்தும் சிங்க்ரோ உண்டு, அவசரப்படாமல் தள்ளினால் தானே ஏறும்.

அதிக நேரம் கொடுத்தது பிரேக்குக்கு. இந்தக் காரில் ஏபிஎஸ் இல்லை. முழு பலத்தோடு மிதித்தால் சக்கரம் பூட்டும். பூட்டிய சக்கரத்தோடு ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும். இதை வாயால் சொல்லிப் பயனில்லை. காலி மைதானத்தில் தளர்ந்த சரளைக் கல் இருந்த ஒரு மூலையில், நடை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வந்து, முழுதாக மிதித்துத் திருப்பச் சொன்னேன். திருப்பினாள், கார் திரும்பவில்லை. “அப்பா, ஸ்டீயரிங் கழன்றுவிட்டதா?” என்றாள். “இல்லை, காலைக் கொஞ்சம் தளர்த்து” என்றேன். தளர்த்தியதும் மூக்கு சட்டென்று திரும்பியது. அதற்குப் பிறகு நான் சொல்லாமலே திரும்பத் திரும்ப அதைச் செய்து பார்த்தாள். நவீன காரில் இந்த அறிவை ஒரு கணினி தனக்குள் வைத்துக்கொண்டு வெளியே சொல்வதில்லை.

மேட்டில் நின்று கிளம்பப் பழக்க டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் மேடு கிடையாது. அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் சரிவுதான் கதி. பிரேக்கிலிருந்து காலை எடுப்பதற்குள் கிளட்ச் லேசாகப் பிடித்திருக்க வேண்டும். கார் மூக்கை ஒரு விரற்கடை தூக்கும், அதுதான் அடையாளம்.

பிறகு உட்வர்ட் அவென்யூ. அறுபதுகளில் இதே சாலையில் இதே வகைக் கார்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டன. இப்போது ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை பழைய கார்களின் பெரிய ஊர்வலம் 1995 முதல் நடக்கிறது. அன்றைக்குக் கற்பவரை அழைத்துப் போக மாட்டேன். ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் கால் செத்துவிடும், எஞ்சினும் கொதிக்கும். ஞாயிறு காலை ஏழு மணி உட்வர்ட் வேறு சாலை. அங்கே சந்திப்பில் நேராக இடப்பக்கம் திரும்ப முடியாது. சந்திப்பைத் தாண்டிப் போய், நடுத்திட்டில் உள்ள திறப்பில் யு வளைவு எடுத்துத் திரும்பி வந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள, ஐந்து சுற்று ஸ்டீயரிங் கொண்ட காருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. எப்போது வேகம் குறைப்பது, எந்தக் கியரில் நுழைவது, எப்போது சுற்றத் தொடங்குவது என்று மூன்றையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருந்தது. யோசிக்காமல் நுழைந்தால் வெளிப்புறத் தடத்துக்குப் போய்விடும். அந்த முன்யோசனை ஆட்டோமேட்டிக்கை ஓட்டும்போதும் அவளோடு வந்ததை நான் கவனித்தேன்.

ஒரு வெயில் நாளில் பெட்ரோல் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கவில்லை. சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிந்திருந்தது. பின்னால் நின்றவர் ஹார்ன் அடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சி வாசனை பிடித்து, ஆக்சிலரேட்டரை போல்ட் அனுமதித்த அளவு மிதித்துப் பிடித்துக்கொண்டு, பம்ப் அடிக்காமல் ஸ்டார்ட் செய்தாள். கறுப்புப் புகையோடு பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தடித்த பட்டை ஒன்றை இருவரும் சேர்த்துப் போட்டோம். இரண்டாம் நிலைக்கான சாலைத் தேர்வை அவள் வீட்டு ஆட்டோமேட்டிக்கில் ஓட்டித் தேறினாள்.

மகனுக்கு இன்னும் வயதாகவில்லை. லபீர் பக்கம் நண்பர் ஒருவரின் பண்ணை நிலத்தில், வேலிக்குள்ளே, முதல் கியரில் மட்டும் ஓட்டுகிறான். அதற்கு முன் நெடுநாள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கியர் மட்டும் மாற்றினான்: நான் கிளட்ச்சை மிதித்து “இரண்டு” என்பேன், அவன் தள்ளுவான். எஞ்சின் சத்தத்தை வைத்தே எப்போது கேட்பேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லும் முன்பே கை கம்பியில் இருக்கும். ஹார்ன் அடிப்பதை நிறுத்த மட்டும் என்னால் முடியவில்லை.

பின்வாய்களை இணைக்கும் கம்பி இன்னும் பையில்தான் இருக்கிறது. மகள் அவ்வப்போது கேட்கிறாள். போல்ட்டின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இந்தக் குளிர்காலத்துக்கு வேறு வேலை காத்திருக்கிறது. வலப்பக்கப் பின்டிரம்முக்குள் ஈரம் தெரிகிறது, சக்கர சிலிண்டர் கசிகிறது என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிதாகப் போட வேண்டும். ஒரு பக்கத்தைத் தான் பிரிப்பதாக மகன் சொல்லியிருக்கிறான். சரி என்றேன், மறுபக்கத்தை மாதிரிக்குப் பார்த்துக்கொள்ளப் பிரிக்காமல் வைத்திருப்போம். ஸ்பிரிங் எடுக்கும் இடுக்கியும் அவன் அளவுக்குக் கண்ணாடியும் வாங்க வேண்டும்.